கையோடு கையாக

"இன்ஜின இறக்கியாச்சு. கையோட கையா இதையும் மாத்திடலாம்ணா." செஞ்சியின் கார் ஒர்க்‌ஷாப்புகளில் மெக்கானிக் ஓனரிடம் சொல்லிவந்த இந்த யோசனை காலமாகிவிட்டது. அது மறைந்த தேதியைச் சொல்ல முடியாது. அதைச் சுமந்து திரிந்த அம்பாசிடருக்குத் தேதி உண்டு: 2014 மே மாதம் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் உற்பத்தியை நிறுத்தியது.

1950களின் இறுதியில், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அப்படியே உரித்துவைத்துப் பிறந்த கார் அது. பல காலம் அதை இழுத்தது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். தேயும் என்று தெரிந்தே செய்ததால், தேய்ந்தபின் என்ன செய்வது என்பதற்கும் வழி வைத்திருந்தார்கள். சிலிண்டர் தேய்ந்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு பெரிதாக போர் அடித்து, அந்த சைஸுக்கான பிஸ்டனைப் போடலாம். மறுமுறை நாற்பது. கிராங்க்கைக் கடைந்து மெலிதாக்கினால், அதற்கேற்ற தடித்த பேரிங் கிடைக்கும்.

திண்டிவனம்–திருவண்ணாமலை சாலையில் இருக்கும் செஞ்சியில் வாடகைக் காருக்கு ஓய்வு ஏது? பௌர்ணமிக்குக் கிரிவலம், அமாவாசைக்கு மேல்மலையனூர், முகூர்த்த நாளில் கல்யாண வீடு. நீலப் புகை கிளம்பி, பெட்ரோலுக்குச் சமமாக ஆயிலும் ஊற்ற வேண்டிவந்தால் இன்ஜின் இறங்கும். கையோடு கையாக என்ற கணக்கு அங்கேதான் தொடங்கும்.

கணக்கு எளிது. பாகம் மலிவு, அதை எட்டிப் பிடிக்கும் கூலிதான் செலவு. கிளட்ச் பிளேட்டில் இன்னும் பாதி உயிர் இருக்கலாம். ஆனால் ஆறு மாதம் கழித்து அது போனால் கியர் பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். ஆகவே பிளேட்டோடு ரிலீஸ் பேரிங், ஆயில் சீல், இன்ஜின் மவுண்டிங் எல்லாம் சேர்ந்து மாறும். 2000-இல் நாடெங்கும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்ததும் பட்டியலில் இன்னொன்று சேர்ந்தது. வால்வு சீட்டுக்குப் பூச்சுபோலக் காப்பாயிருந்தது அந்த ஈயம்தான். அது போனபின் பழைய ஹெட்டுகளில் சீட் அரிக்கத் தொடங்கியது. ஹெட் இறங்கிய நாளிலேயே கடினமான சீட்டை அடித்துப் பொருத்துவது புத்திசாலித்தனம் ஆயிற்று.

எல்லாவற்றையும் மாற்றுவதில் திறமை ஒன்றுமில்லை. எதை விட்டுவைக்கலாம் என்று சொல்பவரே மெக்கானிக். சிலிண்டரின் மேல்பகுதியில், ரிங் ஏறி நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே நகத்தால் தடவுவார். விளிம்பில் நகம் தட்டி நின்றால் போர் அடித்தாக வேண்டும். பேரிங்கில் வெள்ளை உலோகம் தேய்ந்து செம்பு தெரிந்தால் பேச்சே வேண்டாம். கழற்றியவற்றைச் சாக்கில் போட்டு ஓனர் முன் கொட்டுவார். தன் காருக்குள் எது எத்தனை வயதானது என்று ஓனருக்கும் தெரிந்திருந்தது. இந்த யோசனையின் பேரால் பில்லை ஊதிப் பெருக்கியவர்களும் இருந்தார்கள். இறந்துவிட்டது என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை.

செஞ்சிக்கு இந்தப் புத்தி புதிதல்ல. 1677-இல் கோட்டையைப் பிடித்த சிவாஜி, கைக்கு வந்ததோடு விடாமல் மதில்களையும் வலுப்படுத்தினார். பின்னாளில் முகலாயர் முற்றுகை ஆண்டுக்கணக்கில் இழுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மெக்கானிக்கின் அந்த யோசனை செத்ததற்குக் காரணம் பகையல்ல, முன்னேற்றம். கார்புரேட்டர் அளவுக்கு மீறி ஊற்றிய பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் அதைத் தடுத்தது. ஆயிலும் ஏர் ஃபில்டரும் தரம் உயர்ந்தன. இன்றைய இன்ஜின் லட்சக்கணக்கான கிலோமீட்டர் பிரிக்கப்படாமலே ஓடுகிறது. பிரிக்க நேர்ந்தாலும் பல பாகங்கள் மொத்தமாக, அசெம்பிளியாகவே வருகின்றன. 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, மிச்சமிருந்த பழைய கார்களுக்கும் ஓர் அடி.

வாரிசு உண்டு. அறுவடை முடிந்து டிராக்டர் இன்ஜினைப் பிரித்து லைனர், பிஸ்டன், ரிங் மாற்றும் பட்டறைகளில் அதே பேச்சு இன்னும் நடக்கிறது.

ஷெட்டில் அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் துக்கம் கேட்க வந்ததோடு நிற்க வேண்டாம். இன்ஜினை இப்போதே இறக்கிவிடுங்கள். பிஸ்டனைச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்துவிடலாம். நகத்தால் தடவிப் பார்த்து, "இது இன்னும் தாங்கும், விடுங்க" என்று சொல்லும் ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது.