அபர்வான் துயரும் செய்தியாளர் அறமும்

பத்திரிகைகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசாங்கத்துக்கும் அச்சகத்துக்கும் இடையே நிகழ்ந்த போராட்டத்தையே பொருளாகக் கொள்வர். இங்கிலாந்தில் 1695இல் அச்சு உரிமச் சட்டம் காலாவதியானமையும், 1855இல் பத்திரிகை முத்திரை வரி ஒழிந்தமையும் அவ்வரலாற்றின் பெருங் கட்டங்களாகக் கொள்ளப்படும். அவ்வரலாறு பெருமைக்குரியதே. ஆயின், அதனருகே அதிகம் எழுதப்படாத பிறிதொரு வரலாறும் உண்டு. செய்தியாளனுக்கும் துயருற்றவனுக்கும் இடையேயுள்ள உறவின் வரலாறு அது. ஓர் ஊரிற் பேரிடர் நிகழ்ந்த மறுகணம் அங்கு வந்து சேரும் அந்நியனாகிய நிருபன் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டலாகாது, எதைப் படம் பிடிக்கலாம் என்னும் வினாக்கள் அவ்வரலாற்றில் எழுவன. அவ்வினாக்களை ஆராய்தற்கு 1966இல் வேல்ஸ் நாட்டிலுள்ள அபர்வான் என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊரில் நிகழ்ந்த அவலத்தினும் தக்க எடுத்துக்காட்டு வேறில்லை என்பது எமது கருத்து. (ஆங்கில எழுத்தைப் பார்த்து அபர்ஃபான் என எழுதுவாருமுளர். வேல்ஸ் மொழியின் ஒலிமரபு வகரத்தையே வேண்டி நிற்பது.)

தாவ் ஆற்றின் பள்ளத்தாக்கிலே, மேர்தர் நகருக்குத் தெற்கே அமைந்தது அவ்வூர். அங்குள்ள நிலக்கரிச் சுரங்கத்தினின்றும் அகழப்பட்ட கழிவு, ஊருக்கு மேலேயுள்ள மலைச்சாரலில் மேடு மேடாகக் கொட்டப்பட்டு வந்தது. ஏழாவது மேடு 1958இல் தொடங்கப்பட்டது. அது ஓர் ஊற்றின்மேற் கிடந்தது. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 21ஆந் திகதி வெள்ளிக்கிழமை காலை 9.15 மணியளவில், மழைநீரிலே தோய்ந்த அம்மேடு சரிந்து, கருஞ்சேற்றுப் பெருக்காக இறங்கி, பன்ற்கிளாஸ் ஆரம்பப் பாடசாலையையும் அயலிலிருந்த வீடுகளையும் மூடிற்று. இறந்தோர் 144 பேர். அவருள் 116 பேர் சிறுவர். ஆசிரியர் ஐவரும் தம் மாணாக்கரோடு மாண்டனர். தவணையிடை விடுமுறைக்கு முந்திய இறுதிப் பாடசாலை நாள் அது. முற்பகல் 11 மணிக்குப் பின் உயிரோடு எவரும் மீட்கப்படவில்லை.

இவை யாவரும் அறிந்தவை. யாம் நோக்க வேண்டுவது அதன்பின் வந்தவரை. பிரித்தானிய மக்கள் ஒரு பேரிடரின் மீட்புப் பணியைத் தத்தம் வீட்டிலிருந்தே தொலைக்காட்சியிற் கண்ட முதல் நிகழ்ச்சிகளுள் அபர்வானும் ஒன்று. அன்று மாலையே பி.பி.சி.யின் கிளிவ் மிஷெல்மோர் அவ்வூரில் நின்று நாட்டு மக்களுக்குச் செய்தி கூறினார். அந்நாளில் இளம் நிருபராயிருந்தவரும், பிற்காலத்திற் பெரும் புகழெய்தியவருமான ஜோன் ஹம்ப்ரீஸ் முதலில் அங்குச் சென்றோருள் ஒருவர். இவரைப் போல அந்நாட்டவராய்ப் பிறந்து, சுரங்கத் தொழிலாளர் வாழ்வை உள்ளபடி அறிந்தோர் சிலரே. ஏனையோர் இலண்டனிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்தோர். பெத்தானியா என்னுந் தேவாலயம் பிணவறையாக்கப்பட்டு, தம் மக்களை அடையாளங் காணுதற்காகப் பெற்றோர் அதன் வாயிலிலே வரிசையாக நின்ற வேளையிலும் ஊரெங்கும் படக்கருவிகள் இருந்தன.

மீட்புப் பணியாளர் ஒருவரின் நினைவுக் கூற்று, அபர்வானை ஆராய்ந்தோரால் எடுத்துக் காட்டப்படுவது. படப்பிடிப்பாளன் ஒருவன் சிறுமி ஒருத்தியை அணுகி, இறந்துபோன தோழியரை எண்ணி அழுமாறு கேட்டானாம். படம் நன்றாக அமையும் என்பது அவன் கருத்து. இக்கூற்றை வாசித்த எவரும் எளிதில் மறவார். இங்கு நிகழ்ந்த குற்றம் யாது? அழுத சிறுமியைப் படம் பிடித்திருந்தால் அது இரக்கமின்மை என்றே கொள்ளப்படும். அழாத சிறுமியை அழச் செய்ய முயன்றமை அதனினும் வேறான குற்றம். செய்தி என்னும் பெயரிலே செய்தியை உற்பத்தி செய்தலும், அதற்கு ஒரு குழந்தையின் துயரை மூலப்பொருளாகக் கொள்ளலும் அங்கு ஒன்றாயின.

ஆயினும் வழக்கை ஒருபாற் கோடிப் பேசுதல் வரலாற்று மாணவனுக்கு முறையன்று. அவ்வூருக்கென அமைக்கப்பட்ட நிவாரண நிதிக்கு ஏறக்குறைய 90,000 கொடைகள் வந்தன. சேர்ந்த தொகை 1,750,000 பவுண். அக்காலத்தில் அது மிகப் பெருந்தொகை. அறிமுகமற்ற இலட்சோபலட்சம் மக்கள் பணம் அனுப்பியமைக்குப் பத்திரிகையிற் கண்ட படமும் தொலைக்காட்சியிற் கண்ட காட்சியுமே காரணம். படங்கள் வெளிவராதிருப்பின் இந்நிதி இவ்வளவிற் பெருகியிராது. படங்கள் வந்தமையாலோ, வேடிக்கை பார்ப்போர் வண்டிகளில் வந்திறங்கினர். துயருற்ற இல்லங்கள் பொதுச்சொத்துப் போலாயின. கொடுத்தவர் தமக்கு உரிமை உண்டென எண்ணத் தலைப்பட்டனர். நிதியிலிருந்து பெற்றோருக்குப் பணம் வழங்குமுன், அவர்கள் இறந்த பிள்ளையோடு எத்துணை நெருக்கமாயிருந்தனர் என்று ஆராய வேண்டுமெனத் தரும நிதி ஆணையாளர் தரப்பிலிருந்து கூறப்படும் அளவுக்கு நிலைமை சென்றது. நிருபன் கேட்கத் துணிந்தவற்றினும் கொடிய வினாவை ஓர் அரச அலுவலகம் கேட்கத் துணிந்தது என்பதை இங்குக் குறித்தல் வேண்டும்.

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். துயரின்பின் வந்த செய்தியாளர் தொகையை, துயரின்முன் வந்த செய்தியோடு வைத்து ஒப்பு நோக்குதல் வேண்டும். 1939ஆம் ஆண்டு திசெம்பரில், அதே பள்ளத்தாக்கின் தென்பகுதியில், சில மைல் தொலைவில் ஒரு கழிவு மேடு சரிந்து பெருந்தெருவை மூடி, ஆற்றின் போக்கையே மாற்றிற்று. உயிரிழந்தார் எவருமிலர், ஆதலின் நாடு அதனை விரைவில் மறந்தது. அபர்வானிலேயே 1944இலும் 1963இலும் மேடுகள் சரிந்ததுண்டு. பாடசாலைக்குப் பின்புறத்தே கழிவுச் சேறு கொட்டப்படுதலால் ஏற்படக்கூடிய ஆபத்தைச் சுட்டி, 1963இல் நகரசபைப் பொறியியலாளர் கடிதம் எழுதினார். 1964 ஜனவரியில் நகரசபைக் குழுக் கூட்டமொன்றிற் பெண் உறுப்பினர் ஒருவர், மேடு நகருமாயின் பாடசாலை முழுவதற்கும் ஆபத்தென எச்சரித்தார். அவ்வெச்சரிக்கையை ‘மேர்தர் எக்ஸ்பிரஸ்’ என்னும் உள்ளூர்ப் பத்திரிகை அச்சிட்டது.

அச்சிட்டது என்பதை வற்புறுத்திக் கூறுகின்றோம். உலகம் அறிய வேண்டிய ஒரே செய்தி, நகரசபைக் கூட்டக் குறிப்புகளோடு, இரண்டே முக்கால் ஆண்டுகளுக்கு முன்னரே வெளிவந்து கிடந்தது. அதனை எடுத்துத் தொடர்ந்து விசாரிக்க இலண்டனிலிருந்து ஒருவரும் வரவில்லை. சேற்றினடியிற் பாடசாலை புதைந்த பின் வந்தவர்களோ எண்ணற்றோர். செய்தியாளர் அறம் என்று இன்று பேசுவோர் யாவரும் இறந்தவர் வீட்டு வாயிலில் நிருபன் நடந்துகொள்ளும் முறையையே பேசுகின்றனர். அது வேண்டியதே. ஆயின் அவ்வூர்ச் சிறுவருக்குச் செய்தித்தாள்கள் கடமைப்பட்டிருந்தது 1964இலே அன்றோ? சிறு கூட்டங்களுக்குச் சென்று, கதிரையின் ஓரத்திலமர்ந்து, எவரும் வாசியாத குறிப்பை எழுதியனுப்பிய பெயரறியா உள்ளூர் நிருபனே அபர்வான் வரலாற்றிற் பத்திரிகைத் தொழிலின் மானத்தைக் காத்தவன் என்போம்.

அவலம் நிகழ்ந்த பின்னரும் கேட்க வேண்டிய வினாக்கள் இருந்தன. அவற்றைக் கேட்பதற்குத் தடை வந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதியரசர் எட்மன்ட் டேவிஸ் தலைமையில் விசாரணைச் சபை நியமிக்கப்பட்டதும், சட்டமா அதிபர் எல்வின் ஜோன்ஸ் ஒக்டோபர் 27இற் பாராளுமன்றத்திலே ஓர் எச்சரிக்கை விடுத்தார். விசாரணைக்குரிய பொருள்பற்றிப் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் கருத்துரைத்தல் சட்டத்தை மீறும் குற்றமாகலாம் என்பது அதன் சாரம். சாட்சியம் கெடலாகாது என்ற நோக்கம் நியாயமானதே. பத்திராதிபர்கள் ஆட்சேபித்தனர், இச்சட்ட நிலையை ஆராய்ந்த குழுவொன்று 1969இல் அறிக்கை விடுத்தது. ஆனால் அவ்வெச்சரிக்கையின் விளைவை எண்ணிப் பாருங்கள். மேட்டை அங்கே அமைத்தவர் யார், ஊற்றை அறிந்திருந்தவர் யார் என்று கேட்டல் சட்டத்தின் நிழலுக்குட் சென்றது. பிள்ளையை இழந்த தாயின் முகத்தருகே படக்கருவியைக் கொண்டு செல்வதற்கோ எச்சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. விசாரணைச் சபையைக் காத்தற்குச் சட்டமிருந்தது. வீட்டைக் காத்தற்குச் சட்டமில்லை.

இதற்கிடையே, தேசிய நிலக்கரிச் சபையின் தலைவர் றொபன்ஸ் பிரபு, அவலம் நிகழ்ந்த இரண்டாம் நாளிலேயே தொலைக்காட்சி நிருபரிடம், மேட்டினுள்ளே ஊற்று இருந்ததென அறிந்திருக்க முடியாது என்ற பொருள்படக் கூறிவிட்டார். அவ்வூற்றுகளோ ஊரார் அறிந்தவை, நிலப்படங்களிலும் குறிக்கப்பட்டவை. விசாரணைச் சபை 76 நாட் கூடி, 136 சாட்சிகளைக் கேட்டு, 1967 ஆகஸ்ட் 3இல் வெளியிட்ட அறிக்கையிற் பழியை நிலக்கரிச் சபையின் மீதே சுமத்தியது. முதலிற் கேட்ட குரல் பெரியவர் குரலாயின் அதனை அப்படியே ஏற்று ஒலிபரப்பும் வழக்கம் செய்தித் தொழிலின் பழைய நோய்களுள் ஒன்று.

துயருற்றோரின் சொல்லைப் பத்திரிகை வெளியிடவே கூடாதா என்று சிலர் வினவக்கூடும். ஒக்டோபர் 24இல் நடைபெற்ற மரண விசாரணையிலே, பிள்ளையை இழந்த தந்தை ஒருவர் எழுந்து, மரணத்தின் காரணம் தேசிய நிலக்கரிச் சபையால் உயிரோடு புதைக்கப்பட்டமை என எழுதப்பட வேண்டுமென்றார். அச்சொல் உலகெங்கும் அச்சாயிற்று, அச்சாக வேண்டியதுமே. அதுவும் துயரின் குரல்தான். ஆனால் அதனை அவர் தாமே, தாம் தெரிந்த சபையில், தாம் குறித்த நோக்கத்துக்காக வழங்கினார். அழுமாறு கேட்கப்பட்ட சிறுமிக்கும் அத்தந்தைக்கும் இடையேயுள்ள வேறுபாடு இதுவே: ஒன்று பறிக்கப்பட முயன்ற கண்ணீர், மற்றது கொடுக்கப்பட்ட சாட்சியம். இவ்வேறுபாட்டை உணர்ந்த செய்தியாளனுக்குப் பிற விதிகள் பல தேவைப்படா.

விதிகள் வந்தன. 1953இற் பிரித்தானியாவில் நிறுவப்பட்ட பத்திரிகைப் பேரவை 1991இல் முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கு இடங்கொடுத்தது. 2014இல் மீண்டும் ஒரு புதிய அமைப்புத் தோன்றிற்று. துயரும் அதிர்ச்சியும் உற்றோரை இரக்கத்தோடும் நிதானத்தோடும் அணுக வேண்டுமெனப் பத்திராதிபர்களின் ஒழுக்கக் கோவை கூறுகின்றது. நல்ல சொற்களே. எனினும் 1989இல் நிகழ்ந்தது, அண்மையிற் சென்று துன்புறுத்துவது மட்டுமே குற்றமன்று என்பதைக் காட்டிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 15இல் ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பறோ விளையாட்டரங்கில் ஏற்பட்ட நெரிசலால் லிவர்பூல் அணியின் ஆதரவாளர் 97 பேர் உயிரிழந்தனர். நான்காம் நாள் ‘த சன்’ பத்திரிகை தன் முதற் பக்கத்தில், ஆதரவாளர்கள் இறந்தோரிடம் திருடினர் என்பன போன்ற பொய்க் குற்றச்சாட்டுகளை ‘உண்மை’ என்னுந் தலைப்பிட்டு வெளியிட்டது. 2012இற் சுயாதீனக் குழுவின் அறிக்கை அவற்றுக்கு ஆதாரமில்லை எனவும், பொலிசாரின் வாக்குமூலங்களில் 164 திருத்தப்பட்டன எனவும் நிலைநாட்டியது. 2016இல் யூரிகள் அம்மரணங்கள் சட்டவிரோதக் கொலைகள் எனத் தீர்த்தனர். அங்கு, உற்றாரை இழந்தோர் வீட்டு வாயிலுக்கு நிருபன் வந்தமையினும், அதிகாரியின் வாயிலுக்கு மட்டும் சென்றமையே பெரிய தீங்காயிற்று. லிவர்பூலில் அப்பத்திரிகையை விலக்கும் வழக்கம் பல்லாண்டு நிலைத்தது.

அபர்வானுக்கு மீள்வோம். ‘லைஃப்’ சஞ்சிகைக்காக அமெரிக்கப் படப்பிடிப்பாளர் றப்பபோர்ட் அங்குச் சென்று, ஏனையோர் போய்விட்ட பின்னரும் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஊராரோடு தங்கினார். அவர் படங்களில் ஊரார் தம் வீட்டிலும் தெருவிலும் உள்ளபடி நிற்கின்றனர். தங்கியிருத்தலே ஒரு முறை என்பதற்கு அவர் பணி சான்று.

ஊராரும் மாறினர். எஞ்சிய மேடுகளை அகற்ற அரசாங்கம் தயங்கியபோது, 1968இல் அவர்கள் கழிவுச் சேற்றைப் பைகளிற் கொண்டு சென்று கார்டிவ் நகரிலுள்ள வேல்ஸ் அமைச்சு அலுவலகத்திலே கொட்டினர். இம்முறை பத்திரிகைகளின் கண் எங்கு விழ வேண்டுமென அவர்களே தீர்மானித்தனர். மேடுகள் அகற்றப்பட்டன. அச்செலவில் 150,000 பவுணை அரசாங்கம் நிவாரண நிதியிலிருந்தே எடுத்துக்கொண்டது. முப்பதாண்டுகள் மூடிக் கிடந்த அரச ஆவணங்கள் திறக்கப்பட்டு, இவ்விடயம் மீண்டும் பொதுமக்கள் முன் வந்த 1997ஆம் ஆண்டில் அப்பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது: அதே 150,000 பவுண், வட்டியின்றி.