தங்கம் கைமாறிய பிறகு வந்த ரயில்

அலாஸ்காவின் ஸ்காக்வே துறைமுகத்தில் உல்லாசக் கப்பலை விட்டு இறங்குகிறவர்களுக்கு முதல் வேலை, 'ஒயிட் பாஸ்' ரயிலில் ஏறுவது. 3 அடி அகலப் பாதையில் அது மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும். அருவியும் பாறைச் சரிவும் ஜன்னலில் வந்து போகும். கனடாவின் க்ளோண்டைக் பகுதிக்குத் தங்க வேட்டைக்காரர்கள் போன வழி இது என்று விளக்குவார்கள். வழி உண்மைதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் இந்த ரயிலைக் கண்டதே இல்லை. அங்கே பொனான்சா ஓடையில் தங்கம் கிடைத்தது 1896 ஆகஸ்டில். மறு ஆண்டு ஜூலையில் செய்தி சியாட்டிலையும் சான் பிரான்சிஸ்கோவையும் எட்டியதும் சுமார் 1 லட்சம் பேர் கிளம்பினார்கள். தங்க வயலை ஒட்டிய டாசன் நகர் வரை போய்ச் சேர்ந்தவர்கள் 30, 40 ஆயிரம்தான். சேர்ந்தவர்களுக்கும் நல்ல நிலம் மிச்சமில்லை. முன்பே அங்கிருந்தவர்கள் வளைத்துப் போட்டிருந்தார்கள். ரயில் பாதை வேலை தொடங்கியதோ 1898 மே மாதத்தில். 177 கிலோமீட்டரும் முடிந்து கார்கிராஸில் கடைசி ஆணி அடித்தது 1900 ஜூலை 29 அன்று. அதற்கு முந்தைய ஆண்டே டாசனிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அலாஸ்காவின் நோம் கடற்கரையில் தங்கம் என்று கேள்விப்பட்டு மூட்டை கட்டியிருந்தார்கள்.

வேட்டைக்குப் போனவர்கள் நடந்தார்கள். ஓராண்டுக்கான உணவு இல்லாதவர்களை எல்லையில் கனடாவின் காவல்படை விடவில்லை. கருவிகளும் சேர்ந்து சுமை ஒரு டன் அளவுக்கு வந்தது. முதுகில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, திரும்பி வந்து, மறுபடி ஏறினார்கள். ஒயிட் பாஸ் தடத்தில் மட்டும் சுமார் 3,000 பொதிக்குதிரைகள் செத்தன. செத்த குதிரைத் தடம் என்றே அதற்குப் பெயர். இன்று ஜன்னலில் தெரியும் அழகை அந்த மனிதர்கள் நின்று பார்த்திருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

தங்கம் இல்லாவிட்டால் ரயிலே ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பின்னாளில் ஓடைப் படுகைகளைத் தோண்டிய ராட்சத இயந்திரங்களும் இந்தப் பாதை வழியாகத்தான் உள்ளே போயின. ஆனால் அப்போது தங்கம் தனிமனிதர் சூதாட்டமாக இல்லாமல் கம்பெனி வியாபாரமாகிவிட்டது. ரயிலும் பிழைப்புக்கு வேறு சுமைகளைத் தேடிக்கொண்டது: 1942-இல் அமெரிக்க ராணுவம் குத்தகைக்கு எடுத்தது, பிறகு ஃபேரோ சுரங்கத்தின் ஈயமும் துத்தநாகமும் வந்தன. 1982-இல் அந்தச் சுரங்கம் மூடியதும் ரயில் நின்றது. 1988-இல் மீண்டும் ஓடியபோது ஏறியவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்களே.

அப்படியானால் இன்றைய பயணம் வெறும் வேஷம்தானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்கச் செய்திக்கு முன்பே, 1880-களில், நீராவிக் கப்பல்கள் பனியாறு காட்டப் பயணிகளை அலாஸ்காவுக்குக் கூட்டிவந்தன. இந்த ரயில் கம்பெனியே 1917-இல் 'டுட்ஷி' என்ற கப்பலைக் கட்டி, ஏரிக் கரையிலிருந்த பென்-மை-க்ரீ தோட்டத்துக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போனது. ஸ்காக்வே வாழ்ந்தது தங்கத்தால் அல்ல, கடந்து போகிறவர்கள் கொடுத்த காசால். அந்த வகையில் சுற்றுலா அதன் பழைய தொழில்தான்.

என் குறை வேறு. கடப்பதற்குக் காசு வாங்கியதே இங்கே வரலாறு என்றால், அதை மண்வெட்டியிலிருந்து தொடங்கக் கூடாது. பக்கத்துச் சில்கூட் கணவாயைத் தலைமுறைகளாகத் தங்கள் கையில் வைத்திருந்தவர்கள் ட்லிங்கிட் மக்கள். உள்நாட்டு வணிகம் அவர்களுடையது. வெளியாரை அந்தப் பக்கம் விடுவதில்லை. 1880 வாக்கில் தங்கம் தேடுவோருக்கு வழிவிட்டபோது, சுமை தூக்குவதை எடைக்கு இவ்வளவு கூலி என்று தொழிலாக்கினார்கள். வேட்டைக் காலத்தில் சுமையை மேலே ஏற்றிய கம்பிவட இழுவைகள் அந்தப் பிழைப்பில் கை வைத்தன. பிறகு ரயில் கம்பெனி அந்த இழுவைகளையும் விலைக்கு வாங்கிப் பிரித்துப் போட்டது. சில்கூட் அடிவாரத்து டையா ஊர் சில ஆண்டுகளிலேயே காலியானது.