ஏப்ரல் நடுவில் மறைந்த மூன்று அறிவியலாளர்கள்

எம்மி நோதர், ரோசலிண்ட் பிராங்க்ளின், ரேச்சல் கார்சன் ஆகிய மூவரும் வெவ்வேறு ஆண்டுகளில், ஏப்ரல் 14 முதல் 16 வரையிலான நாள்களில் காலமானவர்கள். ஒருவர் கணிதவியலாளர், ஒருவர் எக்ஸ்-கதிர் ஆய்வாளர், ஒருவர் கடல் உயிரியலாளர். மூவருமே அறுபது வயதைத் தொடவில்லை.

எம்மி நோதர் 1882இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கணிதப் பேராசிரியர் மாக்ஸ் நோதரின் மகளாகப் பிறந்தார். அவர் படிக்க வந்தபோது அந்நகரப் பல்கலைக்கழகம் பெண்களை முறையான மாணவராகச் சேர்க்கவில்லை; பேராசிரியர் இசைந்தால் வகுப்பில் உட்கார்ந்து கேட்கலாம், அவ்வளவுதான். 1907இல் முனைவர் பட்டம் பெற்ற பிறகும் ஏழாண்டுக் காலம் அங்கே சம்பளமில்லாமல் உழைத்தார். 1915இல் கணிதவியலாளர்கள் டேவிட் ஹில்பர்ட்டும் பெலிக்ஸ் கிளைனும் அவரை கெட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார்கள். பெண்ணுக்கு விரிவுரையாளர் தகுதி தரக் கூடாது என்று சில பேராசிரியர்கள் எதிர்த்ததால், 1919 வரை அவருடைய வகுப்புகள் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்டன.

அந்த ஆண்டுகளில்தான் நோதர் தேற்றம் உருவாகி 1918இல் வெளிவந்தது. இயற்பியல் விதிகளில் உள்ள ஒவ்வொரு தொடர் சமச்சீர்மைக்கும் இணையாக மாறாத அளவு ஒன்று உண்டு என்று அது நிறுவுகிறது. விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றாகவே இருப்பதால் ஆற்றல் அழிவதில்லை. இடத்துக்கு இடம் அவை மாறாததால் உந்தமும், திசைக்குத் திசை மாறாததால் கோண உந்தமும் அழிவதில்லை. தனித்தனியாகக் கற்பிக்கப்பட்டு வந்த விதிகளுக்கு ஒரே வேர் இருப்பதைக் காட்டிய இந்தத் தேற்றம் இயற்பியலின் மிக அழகான முடிவுகளுள் ஒன்று. 1920களில் அவர் எழுதிய கட்டுரைகள் அருவ இயற்கணிதத்தின் போக்கையே மாற்றின. யூதர் என்பதால் 1933இல் நாஜி அரசு அவரைப் பணிநீக்கம் செய்தது. அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரி இடம் கொடுத்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் 1935 ஏப்ரல் 14 அன்று, 53 வயதில் இறந்தார்.

ரோசலிண்ட் பிராங்க்ளின் 1920இல் லண்டனில் பிறந்து, கேம்பிரிட்ஜில் வேதியியல் படித்தவர். நிலக்கரியின் நுண்துளைகளை ஆராய்ந்து 1945இல் முனைவரானார். பாரிசில் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு முறையில் தேர்ச்சி பெற்று, 1951இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் டி.என்.ஏ. ஆய்வைத் தொடங்கினார். காற்றின் ஈரப்பதத்துக்கேற்ப டி.என்.ஏ. இழை இரண்டு வடிவங்களை எடுப்பதைக் கண்டறிந்தது அவருடைய முதல் பெரிய சாதனை. இரண்டும் கலந்து கிடந்தவரை தெளிவான படம் கிடைக்க வழியில்லை. 1952 மே மாதம் அவருடைய மேற்பார்வையில் ஆய்வு மாணவர் ரேமண்ட் கோஸ்லிங் எடுத்த 51ஆம் எண் படத்தில், ஈர வடிவத்தின் சுருள் அமைப்பு பெருக்கல் குறி போலப் பளிச்சென்று பதிந்திருந்தது.

1953 தொடக்கத்தில் பிராங்க்ளினுடன் பணியாற்றிய மாரிஸ் வில்கின்ஸ், டி.என்.ஏ.யின் அமைப்பைத் தேடிக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட்சனிடம் அந்தப் படத்தை அவருக்குத் தெரியாமல் காட்டினார். பிராங்க்ளினின் அளவீடுகள் அடங்கிய அறிக்கை ஒன்றும் வாட்சனின் கூட்டாளி பிரான்சிஸ் கிரிக்கின் கைக்குப் போனது. ஏப்ரல் 25 அன்று ‘நேச்சர்’ இதழில் வாட்சன், கிரிக்கின் இரட்டைச் சுருள் மாதிரி வெளிவந்தபோது, பிராங்க்ளினின் கட்டுரை அதே இதழில் துணைச் சான்று போல மூன்றாவதாக இடம்பெற்றது. அவரது உழைப்புக்கு உரிய இடம் அதுவன்று. பின்னர் பிர்க்பெக் கல்லூரியில் புகையிலைத் தேமல் வைரசின் அமைப்பை ஆராய்ந்தார். சூலகப் புற்றுநோய் கண்ட பிறகும் ஆய்வகத்தை விடவில்லை. 1958 ஏப்ரல் 16 அன்று, 37 வயதில் காலமானார். 1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். பிர்க்பெக்கில் பிராங்க்ளினுடன் பணியாற்றிய ஆரன் குளுக் 1982இல் வேதியியலுக்கான நோபல் பெற்றார்.

ரேச்சல் கார்சன் 1907இல் பென்சில்வேனியாவின் ஸ்பிரிங்டேலில் பிறந்தார். அமெரிக்க மீன்வளத் துறையில் பணியாற்றியபடியே கடலைப் பற்றி எழுதிப் புகழ் பெற்றார். 1962இல் வெளியான ‘மௌன வசந்தம்’ டி.டி.டி. முதலான பூச்சிக்கொல்லிகளின் தீங்கை மக்கள்முன் வைத்தது. கலிபோர்னியாவின் கிளியர் ஏரியை அதில் அவர் எடுத்துக்காட்டினார். கொசு போன்ற சிறு பூச்சிகளை ஒழிக்க, கோடிக்கணக்கான பங்கு நீருக்கு ஒரு பங்கு என்ற அளவில்தான் மருந்து கலக்கப்பட்டது. நீரில் மிதக்கும் நுண்ணுயிரிகளில் அது சேர்ந்தது, அவற்றைத் தின்ற மீன்களில் கூடியது, மீன்களைத் தின்ற முக்குளிப்பான் பறவைகள் செத்து மிதந்தன. வேதிப்பொருள் நிறுவனங்கள் அவரைக் கடுமையாகத் தாக்கின. எல்லாப் பூச்சிமருந்தையும் கைவிடும்படி அவர் கேட்கவில்லை. கண்மூடித்தனமாகத் தெளிப்பதையே எதிர்த்தார். அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு 1963இல் அவருடைய எச்சரிக்கையைப் பெரிதும் உறுதிசெய்தது. அந்த ஆண்டு செனட் குழுமுன் சாட்சியம் அளித்தபோது மார்பகப் புற்றுநோய் முற்றியிருந்ததை வெளியே சொல்லவில்லை. 1964 ஏப்ரல் 14 அன்று, 56 வயதில் இறந்தார். அமெரிக்காவில் 1970இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அமைந்தது, வேளாண்மையில் டி.டி.டி.யைப் பயன்படுத்துவதை அது 1972இல் தடை செய்தது.