ஒரகடத்துக்கு முன்னால் ஒரு கார் கம்பெனி

சென்னையை அடுத்த வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு மேற்கே திரும்பினால் ஒரகடம் வருகிறது. ரெனோ, நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று பெரிய பெயர்கள் எல்லாம் அங்கே வந்துவிட்டன. ஆனால் இவர்கள் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே வண்டலூர் பக்கத்தில் கார்கள் தயாராகிக்கொண்டிருந்தன. அந்தக் கம்பெனியின் பெயர் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா.

இதன் தாய்வீடு இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரம். அங்கிருந்த ஸ்டாண்டர்டு கம்பெனி, இரண்டாம் உலகப் போர் முடியும் சமயத்தில், நொடித்துப் போயிருந்த டிரையம்ஃபை வாங்கியது. அதன் தலைவர் சர் ஜான் பிளாக்குக்கு ஜாகுவாருக்குப் போட்டியாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்ய வேண்டும் என்று ஆசை. வேன்கார்ட் என்ற குடும்பக் காரின் எஞ்சினையே எடுத்து, 1991 சி.சி.யாகக் குறைத்து, 1953-இல் டி.ஆர்.2 காரில் வைத்தார்கள். ஃபெர்குசன் டிராக்டரில் ஓடியதும் இதே வகை எஞ்சின்தான். வயலிலும் ரேஸிலும் ஒரே எஞ்சின்!

அதே 1953-இல் ஒரு பெரிய அடி விழுந்தது. ஸ்டாண்டர்டுக்குக் கார் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அடுத்த காருக்குப் பாடி எங்கே வாங்குவது? தனியாக ஒரு சேஸிஸ், அதன் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டும் பாடி என்று முடிவு செய்தார்கள். துண்டுகளை வேறு வேறு இடங்களில் செய்து வாங்கலாம் அல்லவா! இத்தாலியின் மிக்கெலோட்டி வடிவமைக்க, 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டு வந்தது. 1962-இல் அந்தச் சேஸிஸையே குட்டையாக்கி ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள்.

அங்கே நெருக்கடியில் பிறந்த யோசனை இங்கே வசதியாகிப் போனது. பாகங்களாக வந்ததைப் பூட்டிக் காராக்குவது சுலபம். 1961-இல் நம் ஊரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் நடுவில் அழகான கார் என்று பெயர் வாங்கியது. நான்கு கதவு மாடலும், 1972-இல் கெசலும் பின்னால் வந்தன.

பாகங்களை இங்கேயே செய்ய வேண்டும் என்று அரசு வற்புறுத்திய காலம் அது. அந்தத் திட்டம் இல்லாத ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950-களில் வெளியேறின. பிரிட்டிஷ் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து டி.வி.எஸ். குழுமம் சென்னை பாடியில் வரிசையாகத் தொழிற்சாலைகளைத் தொடங்கியது. வீல்ஸ் இந்தியா சக்கரங்களுக்கு, லூகாஸ்-டி.வி.எஸ். மின்சார பாகங்களுக்கு, பிரேக்ஸ் இந்தியா பிரேக்குக்கு. எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரிகள், வண்டலூரில் ஸ்டாண்டர்டு கார்கள்... உதிரிபாகத் தொழில் இந்த ஊரில் வேர் பிடித்தது.

ஸ்டாண்டர்டின் கடைசி முயற்சி 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000. பாடி பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1. எஞ்சின்? அதே பழைய வேன்கார்ட் பரம்பரை 1991 சி.சி.தான்! டி.ஆர்.2 வந்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. கனமான பாடியை அது திணறிக்கொண்டு இழுத்தது. விலையும் அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். 1983 டிசம்பரிலேயே மாருதி 800 வந்துவிட்ட பிறகு யார் வாங்குவார்கள்? 1988-இல் உற்பத்தி நின்றது. தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள்.

கார் செத்தது. ஆனால் பாகம் செய்யக் கற்ற ஊர் சாகவில்லை. 1996-இல் ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோது துறைமுகம் மட்டும் அல்ல, உதிரிபாகம் செய்யத் தெரிந்த கம்பெனிகளும் பக்கத்திலேயே இருந்தன. 2024 செப்டம்பரில், ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களும் செய்வதற்கென்று டாடா தொழிற்சாலைக்குப் பனப்பாக்கத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜான் பிளாக் போட்டி போட நினைத்த அதே ஜாகுவார்!

ஒரு கார் கம்பெனியை அதன் கார்களை மட்டும் வைத்து எடைபோடக்கூடாது. அது யாருக்கு எந்த வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனது என்பதையும் பார்க்க வேண்டும்.