பிள்ளை எப்போது பெரியவனாகிறான்?

தோளுக்கு மேல் வளர்ந்த மகன் கல்லூரியில் பயில்கிறான். விடுமுறையில் சிறிது பொருளும் ஈட்டுகிறான். அவன் தந்தையைச் சார்ந்தவனா, தன் காலில் நிற்பவனா? குடும்பத்தில் இக்கேள்வி எழுவதில்லை. வரி விதிக்கும் அரசோ இதற்கு விடை கண்டே தீர வேண்டியிருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடு அவ்விடையைத் தேடிய வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது.

1913-இல் அங்கு வருமான வரி வந்தபோது பிள்ளைகளுக்கென விலக்கு ஏதும் இல்லை. முதல் உலகப் போரின் செலவுக்காக 1917-இல் வரியை விரிவாக்கியபொழுது, பிள்ளை ஒன்றுக்கு 200 டாலர் கழித்துக்கொள்ள இடமளித்தனர். பிள்ளை 18 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். அல்லது தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத நிலையில் இருக்க வேண்டும். ஆகவே, கல்லூரிச் செலவு தொடங்கும் பருவத்திலேயே சலுகை நின்றுபோயிற்று.

1944-ஆம் ஆண்டுச் சட்டம் வயது வரம்பை நீக்கி, பிள்ளையின் வருமானத்தை அளவுகோலாக்கியது. வரம்பு முதலில் 500 டாலர், பின்னர் 600. அதை எட்டிவிட்டால் தந்தையின் சலுகை முழுதும் பறிபோகும். எனவே, வரம்பு நெருங்கியதும் மாணவர் வேலையைக் கைவிடலாயினர். உழைப்பை ஊக்க வேண்டிய சட்டமே உழைப்புக்குத் தடையாயிற்று.

1954-இல் இக்குறை தீர்ந்தது. 19 வயதுக்கு உட்பட்ட பிள்ளையும், ஆண்டில் ஐந்து மாதமேனும் முழுநேரம் பயிலும் மாணவனும் எவ்வளவு ஈட்டினாலும் தடையில்லை. வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் பெற்றோர் ஏற்றால் போதும். ஆனால் புதியதொரு சிக்கல் முளைத்தது. அதே பிள்ளை தன் வரிக் கணக்கிலும் தனக்கென விலக்குக் கோரலாம். ஒருவனுக்கே இருமுறை சலுகை கிடைத்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நிறுத்தியது. ஐந்து வயது நிரம்பிய பிள்ளைகளுக்குச் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் குறிப்பிட வேண்டுமென்றது. அவ்விதி நடைமுறைக்கு வந்ததும், சார்ந்திருப்போர் பட்டியலிலிருந்து ஏறத்தாழ 70 லட்சம் பெயர்கள் மறைந்தன!

2018 முதல் பழைய விலக்கு இல்லை. 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பெரிய வரித் தள்ளுபடி உண்டு. 17 நிரம்பினால் 500 டாலர் மட்டுமே. படிப்புச் செலவு ஏறும் வேளையில் சலுகை சுருங்கும் பழைய முரண் மீண்டும் தோன்றியிருக்கிறது. வயதைச் சரிபார்ப்பது அலுவலகத்துக்கு எளிது. பிள்ளையின் பாரம் பெற்றோரை விட்டு இறங்கும் நாளோ பிறந்தநாளைப் பார்த்து வருவதில்லை. 1954-இன் சட்டம் அந்த உண்மையை உணர்ந்து எழுதப்பட்டதாகும்.