சாக்கோ–வான்செட்டி வழக்கு

நிக்கோலா சாக்கோ, பார்த்தொலோமியோ வான்செட்டி ஆகிய இரு இத்தாலியக் குடியேறிகள்மீது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் நடத்திய கொலை வழக்கு. 1920 ஏப்ரல் 15 அன்று தெற்கு பிரெய்ன்ட்ரீயில் ஒரு காலணித் தொழிற்சாலையின் சம்பளப் பணத்தைக் கொண்டுசென்ற ஊழியரும் காவலாளியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 15,000 டாலருக்கு மேல் கொள்ளை போனது. இறந்த காவலாளியும் ஓர் இத்தாலியர்தான் என்பது பெரும்பாலும் மறந்துபோகிறது. காலணித் தொழிலாளியான சாக்கோவும் மீன் விற்று வந்த வான்செட்டியும் 1921 ஜூலை 14 அன்று குற்றவாளிகளாக அறிவிக்கப்பட்டு, 1927 ஆகஸ்ட் 23 அன்று மின்நாற்காலியில் கொல்லப்பட்டார்கள். வழக்கில் காழ்ப்பு இருந்தது என்றதும் நீதிபதி வெப்ஸ்டர் தேயரின் பேச்சுகளையே எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே அவர் இருவரையும் அராஜகவாதிகள் என்று இழிசொல்லோடு ஏசியது உண்மை. ஆனால் அதைவிட ஆழமாக, சாட்சியம் அடுக்கப்பட்ட முறைக்குள்ளேயே காழ்ப்பு புகுந்திருந்தது.

இருவரும் லூயிஜி கலியானியின் வழிவந்த அராஜகவாதிகள். கட்டாய ராணுவப் பதிவைத் தவிர்க்க 1917-இல் மெக்சிகோ சென்றவர்கள். 1919 ஜூன் 2 இரவு பல நகரங்களில் குண்டுகள் வெடித்தன. அட்டர்னி ஜெனரல் பாமரின் வீடும் தப்பவில்லை. பழி கலியானி குழுவின்மேல் விழுந்தது. ஆகவே அராஜகவாதிகள்மீது அன்று இருந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. அரசு அதற்குக் கொடுத்த பதிலோ ஆயிரக்கணக்கான குடியேறிகளைக் கூட்டங்கூட்டமாகப் பிடித்து அடைப்பதும் அவர்களில் பலரை நாடு கடத்துவதுமாக இருந்தது. 1920 மே 3 அன்று, நியூயார்க்கில் நீதித்துறையின் காவலில் இருந்த அவர்களுடைய தோழர் அந்திரேயா சல்செதோ 14-ஆம் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். இரண்டு நாள் கழித்து டிராம் வண்டியில் சாக்கோவும் வான்செட்டியும் கைதானார்கள். அன்றிரவு காவல்துறைத் தலைவர் கேட்டதெல்லாம் அவர்களுடைய அரசியலைப் பற்றி. கொலையைப் பற்றிப் பேச்சே இல்லை. இருவரும் பொய் சொன்னார்கள்.

வழக்கின் அச்சாணி அந்தப் பொய்கள்தான். குற்றம் செய்தவன்தான் மறைப்பான், எனவே மறைத்ததே குற்றத்துக்குச் சான்று என்று அரசுத் தரப்பு வாதிட்டது. நேரில் பார்த்தவர்களின் சாட்சியத்தைவிட இதுவே தண்டனைக்கு அடிப்படை என்று தேயரே 1924-இல் எழுதினார். கொலைக்காக அல்ல, நாடு கடத்தப்படுவோம் என்ற பயத்தில் பொய் சொன்னோம் என்று விளக்க வேண்டுமானால், தாங்கள் அராஜகவாதிகள் என்பதை ஜூரிகள் முன்னால் அவர்களே ஒப்புக்கொண்டாக வேண்டும். அரசியலை உள்ளே கொண்டுவந்தது பிரதிவாதித் தரப்புதானே என்ற வாதம் இன்றும் சொல்லப்படுகிறது. உண்மைதான், ஆனால் வேறு வழி ஏது? வாயை மூடினால் கொலைகாரன், திறந்தால் துரோகி. இந்த வாய்ப்பை அரசு வழக்கறிஞர் கட்ஸ்மன் விடவில்லை. சாட்சிக் கூண்டில் நின்ற சாக்கோவிடம், 1917 மே மாதம் இந்த நாட்டை நேசித்தாயா, நேசித்தவன் ஏன் ஓடினாய் என்று துருவித் துருவிக் கேட்டார். தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசிய ஒருவரிடம், கொள்ளையோடு ஒட்டாத இந்தக் கேள்விகளை நீதிபதி அனுமதித்தார்.

இத்தாலியர் என்பதற்காகவே நம்பாமல் போனதும் உண்டு. பிரிட்ஜ்வாட்டர் ஊரில் நடந்த வேறொரு கொள்ளை முயற்சிக்காக 1920-இல் வான்செட்டி முதலில் தனியாக விசாரிக்கப்பட்டார். அந்த முயற்சி நடந்த 1919 டிசம்பர் 24 அன்று அவர் தெருத்தெருவாக விலாங்கு மீன் விற்றார் என்று இத்தாலியர் பலர் சாட்சி சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் அந்த மீனைச் சமைப்பது அவர்கள் வழக்கம். அந்த நாள் நினைவில் நிற்பதில் வியப்பில்லை. ஜூரிகள் அதை ஏற்கவில்லை. நாட்டின் மனநிலையும் அப்படித்தான் இருந்தது: இத்தாலி போன்ற நாடுகளிலிருந்து வருவோரைக் குறைப்பதற்கான ஒதுக்கீட்டுச் சட்டம் 1921 மே 19 அன்று கையெழுத்தானது. டெடம் ஊரில் கொலை விசாரணை தொடங்கியது மே 31 அன்று.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு துப்பாக்கியிலிருந்து வருகிறது. கைதானபோது இருவரிடமும் துப்பாக்கி இருந்தது. அதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள் பலவீனமானவை. கொலையில் பாய்ந்த ஒரு தோட்டா சாக்கோவின் கோல்ட் துப்பாக்கியிலிருந்து வந்தது என்றே 1961-இல் நடந்த ஆய்வு சொன்னது. தோட்டா பின்னால் மாற்றி வைக்கப்பட்டிருக்கலாம் என்போரும் உண்டு. சாக்கோ குற்றவாளியாகவே இருந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், 1921-இல் ஜூரிகள் கேட்டது இந்த ஆய்வை அல்ல. அவர்கள் கேட்டது காவல்துறை நிபுணர் கேப்டன் புரோக்டரை. அந்தத் துப்பாக்கியோடு தோட்டா ஒத்துப்போகிறது என்றார் அவர். அதன் வழியாகத்தான் வந்தது என்பதற்குச் சான்று கண்டாயா என்று நேராகக் கேட்டிருந்தால் இல்லை என்றே சொல்லியிருப்பேன், அரசு வழக்கறிஞரோடு முன்பே பேசிவைத்த வாசகம் அது என்று 1923-இல் பிரமாணப் பத்திரம் தந்தார். மேலும், தோட்டா சுட்டுவது சாக்கோவை மட்டுமே. வான்செட்டிக்கு எதிராக இருந்தவை இன்னும் மெலிந்தவை.

ஆறாண்டுக் காலம் மறுபரிசீலனை நடந்ததே என்பது இன்னொரு மறுப்பு. மறுவிசாரணை மனுக்களை, தன் பாரபட்சத்தைப் பற்றிய புகார் உட்பட, விசாரித்துத் தள்ளியவர் அதே தேயர். கொலை செய்தது தன் கூட்டம் என்று செலஸ்தினோ மதெய்ரோஸ் 1925-இல் சொன்ன வாக்குமூலமும் அவர் மேசைக்கே போனது. மாநில உச்ச நீதிமன்றம் சட்டப் பிழையை மட்டுமே பார்த்தது, சாட்சியத்தை எடைபோடவில்லை. கடைசியில் ஆளுநர் ஃபுல்லர் அமைத்த மூவர் குழுவின் தலைவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவர் லாரன்ஸ் லோவல். குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தக் கோரிய சங்கத்தில் துணைத்தலைவராக இருந்தவர். தேயர் வரம்பு மீறிப் பேசினார் என்று கண்டித்த குழு, விசாரணை நியாயமானது என்றே முடித்தது.

1977-இல் ஆளுநர் மைக்கேல் டுகாக்கிஸ், அவர்கள் நியாயமாக விசாரிக்கப்படவில்லை என்று பிரகடனம் வெளியிட்டார். குற்றமற்றவர்கள் என்று அறிவிக்கவில்லை, மன்னிப்பும் வழங்கவில்லை. சட்டம் அதற்கு முன்பே மாறியிருந்தது: 1939 முதல் மரண தண்டனை வழக்குகளில் சாட்சியம் முழுவதையும் ஆராயும் அதிகாரம் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றத்துக்குக் கிடைத்தது.