கதவில் ஒட்டிய காகிதம்

ஒரு கிராமத்துக்கு என்ன வேண்டும்? கோயில், பள்ளிக்கூடம், தபாலாபீஸ். இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் பகுதியில், டைனம் என்ற சிற்றூரில் மூன்றும் இருந்தன. குன்றுகளுக்கு நடுவே ஊர். சற்று நடந்தால் கடல். உழவும் மீன்பிடிப்பும் பிழைப்பு. பிள்ளைகள் குறைந்துபோய் 1932-ல் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அது ஒன்றுதான் குறை.

1943 நவம்பரில், பீரங்கிப் பயிற்சிக்கு இடம் வேண்டும் என்று ராணுவம் உத்தரவு போட்டது. கிறிஸ்துமஸுக்குள் ஊர் காலி. ஊரிலும் சுற்றுப்புறத்திலுமாகச் சுமார் 225 பேர் வெளியேறினார்கள். தேவாலயக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'கோயிலையும் வீடுகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் திரும்பி வருவோம்' என்பது அதன் சாரம்.

யுத்தம் முடிந்தது. சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள், டைனம்காரர்கள் திரும்பவில்லை. 1948-ல் அரசாங்கம் நிலத்தைக் கட்டாயமாக வாங்கிக்கொண்டது.

இன்று பயிற்சி நடக்காத நாட்களில் யாரும் போய்ப் பார்க்கலாம். தேவாலயத்தையும் பள்ளிக்கூடத்தையும் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். வீடுகள்தாம் கூரையின்றி நிற்கின்றன.

கதை எழுதுகிறவன் நான். எத்தனையோ பிரிவுகளை எழுதியிருக்கிறேன். ஆனால் இந்தக் காகிதம் என்னை விடுவதாயில்லை. எதிரி வீட்டைப் பறித்தால் அவனைச் சபிக்கலாம். சொந்த அரசாங்கத்தை நம்பிக் கொடுத்தவன் யாரைச் சபிப்பான்?